ஆர்.சி. புக்கில் யார் பேர்? சாவி யார் கையில்?

ஓட்டை வண்டி என்று சிரிக்கிறார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சேரிகளில் எங்கேயாவது நாலு பையன்கள் கூடி, "நாமளும் ஒரு பழைய வேன் வாங்கிப் போடுவோம்டே, இயக்க வேலைக்கு ஆகும்" என்று பேச்செடுத்தால் முதலில் வருவது சிரிப்புதான். "தொட்டா உதிருத வண்டிய வாங்கி என்னலே செய்யப் போறிய? காயலாங்கடைக்காரன்கூட எடைக்கு எடுக்க யோசிப்பான்!" இந்தச் சிரிப்பு ஊர்த் தெருவிலிருந்து வந்தால் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நம்ம தெருவிலிருந்தே வருகிறது. படித்த பையன்களிடமிருந்து வருகிறது. மேடையில் விடுதலை பேசுகிற அண்ணன்மாரிடமிருந்தும் வருகிறது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தோழர்களே, வண்டியில் எவ்வளவு துரு இருக்கிறது என்பது மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்வி. இயக்கம் கேட்க வேண்டிய கேள்விகள் ரெண்டு. ஆர்.சி. புக்கில் யார் பேர் இருக்கு? சாவி யார் கையில் இருக்கு? இந்த ரெண்டுக்கும் "நம்ம" என்று பதில் சொல்ல முடிகிற பழைய வேன், அப்படிச் சொல்ல முடியாத பத்துப் புது வண்டிகளைவிட மேல் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

வண்டிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். 1989-ஆம் ஆண்டுச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் குற்றம் என்று எழுதி வைத்திருக்கிற காரியங்களைப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது. செருப்பும் புதுத்துணியும் போடவிடாமல் தடுப்பது. கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வண்டியிலோ ஏறவிடாமல் தடுப்பது. ஒரு தேசத்தின் சட்டப் புத்தகத்தில் சைக்கிள் ஏறுவதற்குப் பாதுகாப்பு எழுத வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தேசத்தில் சக்கரம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், அன்றைய திருவிதாங்கூரில், வெங்கானூர் அய்யன்காளி 1893-இல் என்ன செய்தார்? மனு எழுதவில்லை. ஒரு வில்லுவண்டி வாங்கினார். ரெண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, நம்மவர் கால் வைக்கக் கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். கலவரம் வந்தது, அடிதடி வந்தது. வண்டி நிற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுசனுக்குத் தெரிந்த அரசியல், கட்டுக்கட்டாகப் புத்தகம் படிக்கிற நமக்குத் தெரிய வேண்டாமா? வாடகைக்கு எடுத்த வண்டியாக இருந்திருந்தால் வண்டிக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பான். சொந்த வண்டி. அதனால்தான் போய்ச் சேர்ந்தது.

வாடகை வண்டி என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே சாட்சி. 1901-இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்பட்ட சிறுவன் பீமாராவும் உடன்வந்த பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவன் சம்மதிக்கிறான். கூலி ரெண்டு மடங்கு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும். அவன் தீட்டுப்படாமல் பக்கத்தில் நடந்து வருவானாம்! ரெண்டு மடங்கு காசும் கொடுத்து, வேலையையும் நாமே செய்து, தீண்டத்தகாதவன் என்ற பட்டத்தையும் வாங்கிக்கொள்வது: இதுதான் சாதி இந்தியாவில் நமக்குக் கிடைத்த வாடகை ஒப்பந்தம். 1901-இல் கூலி ரெண்டு மடங்கு. இன்றைக்கு வேறு மாதிரி: கோயில் கொடைக்கும் குற்றாலத்துக்கும் என்றால் கூப்பிட்டதும் வருகிற வேன்காரர், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போக வேண்டும் என்றால் "வண்டி ஒர்க்ஷாப்ல கெடக்கு தம்பி" என்கிறார். அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஊர்க்காரர் யாரோ அவருக்குப் போன் போட்டிருப்பார்கள். அவரிடம் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. அவர் வண்டி, அவர் சாவி.

பரமக்குடிக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 1957 செப்டம்பர் 11-இல் கொலை செய்யப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு வருசாவருசம் தென்மாவட்டம் முழுக்கச் சனம் போகிறது. 2011 செப்டம்பர் 11 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நிர்வாகம் போட்ட நிபந்தனைகளில் ஒன்று: வாடகை வண்டியில் வரக்கூடாது, சொந்த வண்டியில்தான் வரலாம், அதற்கும் போலீசில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அமைதிக்காகவே இந்த நிபந்தனை என்று சொல்லப்பட்டது. இருக்கட்டும். சொந்த வண்டி இல்லாத கூலிக்காரனுக்கு இந்த நிபந்தனைக்கு என்ன அர்த்தம்? வீட்டிலேயே கிட என்று அர்த்தம்.

"அதுக்குத்தான் கவர்மெண்டு பஸ் இருக்கே?" என்பது அடுத்த வாதம். இருக்கிறது. பஸ் நம்ம உரிமை, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. களையெடுக்கப் போகிற, தறிவேலைக்குப் போகிற நம்ம பெண்களுக்கு அது கையில் மிஞ்சுகிற காசு. நல்லது. ஆனால் பஸ் சாதி இல்லாத இடம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1997-ஐ மறந்துவிட்டோமா? விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனோடு மோதி உயிர்விட்ட கவர்னகிரிச் சுந்தரலிங்கம். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு கண்டுபிடித்த தீர்வு, எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பேரையும் அழித்துவிடுவது. நம்ம நெல்லைச் சீமை பஸ்ஸில் அதுவரை கட்டபொம்மன் பேர் இருந்தது. கட்டபொம்மன் பேர் எழுதிய பஸ்ஸில் வருசக்கணக்காக உட்கார்ந்து போனவர்களுக்கு, அவன் தளபதி பேர் எழுதிய பஸ்ஸில் உட்கார முடியவில்லை! அதே 1997-இல், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் மதுரையிலிருந்து ஊர் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எங்கே வைத்து மறித்தார்கள்? பஸ்ஸில் வைத்து.

இனி சங்கரன்கோவிலுக்கு வருவோம். இது தனித்தொகுதி. நம்ம ஆள் சட்டமன்றம் போகிறார். நகரத்தில் விசைத்தறி ஓடுகிறது, பூ மார்க்கெட் நடக்கிறது, ஆடித்தபசுக்கு ஊரே கூடுகிறது. இந்தப் பக்கத்திலேதான், பாஞ்சாங்குளத்தில், 2022 செப்டம்பரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். ஊர்க்கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்க தெருவுக்குக் கொடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். தமிழ்நாடே பார்த்தது. கடைக்காரர் கைதானார், கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை போட்டது. சட்டம் வேலை செய்தது என்று எல்லோரும் எழுதினார்கள். செய்ததுதான். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் திருத்தப்பட்ட சட்டத்தில் குற்றம்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கடைக்குச் சீல் வைத்த மறுநாள் அந்தத் தெருவுக்கு உப்பும் எண்ணெயும் எங்கிருந்து வரும்? ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்ன? கடை இல்லை, பால் இல்லை, வேலை இல்லை, ஆட்டோ இல்லை. கட்டுப்பாடு போடுகிறவனுக்குத் தெரியும், நாம் நாலு நாள் தாங்குவோம், அஞ்சாவது நாள் கையைக் கட்டிக்கொண்டு வருவோம் என்று. வழக்கு நடக்க வருசம் ஆகும், வயிறு அதுவரை பொறுக்காது. அந்த அஞ்சாவது நாள் சங்கரன்கோவில் சந்தையிலிருந்து அரிசிச் சிப்பத்தோடும் காய்கறியோடும் ஒரு துருப்பிடித்த வேன் தெருவுக்குள் நுழைந்தால் அந்தக் கட்டுப்பாடு என்ன ஆகும்? சாட்சி சொல்லப் போகிறவரை அது கோர்ட்டு வாசலில் இறக்கிவிட்டால்? வெளியூரில் வேலை தேடிக்கொண்டவர்களை விடியக்காலம் ஏற்றிப் போனால்? அப்போது அந்த வேனைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும் என்று பார்ப்போம்.

கடல் தாண்டியும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரத்தில், பஸ்ஸில் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 முதல் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். 381 நாள். ரோசா பார்க்சையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் நமக்குத் தெரியும். அந்த 381 நாளும் வீட்டுவேலைக்குப் போன பெண்களை ஏற்றிச் சென்றது எது என்று நம்ம கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. சனங்கள் தந்த சுமார் 300 கார்கள். நன்கொடையில் வாங்கி, தேவாலயங்களின் பேரில் பதிந்து ஓட்டிய பெரிய வண்டிகள். அந்த வண்டிகளை நிறுத்த எதிரிகள் எங்கே அடித்தார்கள் தெரியுமா? இன்சூரன்சில்! கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலிசியை ரத்து செய்தன. இயக்கம் லண்டன் லாயிட்சில் போய்ப் பாலிசி எடுத்து வந்து வண்டியை ஓட்டியது. பிறகு நகர நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய் வண்டிகளுக்குத் தடை வாங்கியது 1956 நவம்பர் 13-இல். அதே நாளில்தான் பஸ்ஸில் நிறவேற்றுமை செல்லாது என்ற தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கொடியும் கோஷமும் மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் ஜெயிக்கவில்லை. வண்டியும் அதன் பேப்பரும் கையில் இருந்தன.

நம்ம ஆட்கள் கோட்டைவிடுகிற இடம் அந்தப் பேப்பர்தான். பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குகிறோம். விற்றவன் 29-ஆம் நம்பர், 30-ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தருகிறான். நாம் அதை மடித்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். பேர் மாற்றுவதில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பேரோ அவரே உரிமையாளர். நீங்கள் காசு கொடுத்ததும் வருசக்கணக்காக ஓட்டியதும் பதிவேட்டின் முன்னால் நிற்காது. ஆக, வண்டி வாங்கிய உடனே பேர் மாற்றம். கடன் பாக்கி இருந்தால் அடைத்ததற்கான சான்று. எஃப்.சி., வரி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லாம் தேதி தவறாமல். நம்ம வண்டியை மறிக்கிறவன் முதலில் கேட்கப்போவது இதைத்தான். அவனுக்கு அந்தச் சந்தோசத்தைக் கொடுக்கக்கூடாது.

இன்னொன்று, லோடு ஆட்டோ. சரக்கு ஏற்றுகிற வண்டியில் நம்ம சனங்களை நெருக்கி நிறுத்தி வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றிப்போகிறார்கள். கவிழ்ந்தால் பேப்பரில் ரெண்டு வரி. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிற ஆளுக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எலுமிச்சை மூட்டைக்கு இருக்கிற மரியாதை மேலே உட்கார்ந்திருக்கிற மனுசிக்கு இல்லை. அதனால், இயக்கம் வாங்குகிற வண்டி ஆள் ஏற்றுகிற வேனாக இருக்கட்டும். ஆர்.சி.யில் எத்தனை இருக்கை எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். நம்ம சனத்தை நாமே மூட்டையாக அடுக்கக்கூடாது.

அப்புறம் புதுசு வாங்கச் சொல்லுகிற அண்ணன்மார். "வாங்குனா ஸ்கார்ப்பியோ வாங்கணும், நாலு பேரு திரும்பிப் பாக்கணும்." பார்க்கட்டும். மாசத் தவணையை யார் கட்டுவது? மூணு தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொண்டு போவது யார்? கந்துவட்டிக்காரனுக்குக் கை நீட்டி வாங்கிய வண்டியில் கொடி கட்டி என்ன விடுதலை பேசுவது? அரசு திட்டம் இருக்கிறதே என்பார்கள். தாட்கோ 1974-லிருந்து இருக்கிறது, மானியமும் இருக்கிறது. வாங்க முடிந்தவர்கள் போராடி வாங்குங்கள், அது நம்ம வரிப்பணம். ஆனால் அந்த வழியில் நடக்கிற மோசடியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆர்.சி.யில் நம்ம பேர். வண்டி நிற்பதோ வேறொருவர் வீட்டு வாசலில். பேர் கொடுத்தவர் அந்த வண்டிக்கே தினக்கூலி டிரைவர். அதனால்தான் ரெண்டு கேள்வி கேட்கச் சொன்னேன். பேர் இருந்து சாவி இல்லாவிட்டால் பினாமி. சாவி இருந்து பேர் இல்லாவிட்டால் வேலைக்காரன்.

அரசாங்கமும் புதுசு வாங்கத்தான் சொல்கிறது. 2021 ஆகஸ்டில் பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கையை ஒன்றிய அரசு அறிவித்தது. 2022 ஏப்ரல் முதல், 15 வருசம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. புகை குறையத்தான் வேண்டும், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது ரோட்டோரத்துக் குடிசைதான். ஆனால் புது வண்டி வாங்க முடிந்தவன் பத்து வருசம் புகைவிட்டு விற்றுப் போன வண்டியை, கடைசியாக வாங்கியவன் தலையில் மொத்தக் கணக்கையும் எழுதுவது என்ன நியாயம்?

இனி துருவைப் பற்றி. துரு எல்லாம் ஒன்றல்ல. கதவிலும் மட்காடிலும் இருக்கிற துரு அசிங்கம், அவ்வளவுதான். சேசிசிலும், ஸ்பிரிங் பட்டை பிடிக்கிற இடத்திலும், பிரேக் பைப்பிலும் இருக்கிற துரு ஆளைக் கொல்லும். விற்கிறவன் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்துவான். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வையுங்கள், பட்டி இருக்கிற இடத்தில் ஒட்டாது. சேசிசைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு. பொத்தென்று கேட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பளபளப்பான பெயின்டுக்குப் பின்னால் உளுத்துப்போன சட்டத்தைச் சாதி ஒழிப்பு மேடைகளில் நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.

இந்த எச்சரிக்கையும் அண்ணல் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1929-இல் சாலிஸ்காவில் அவரை ஏற்ற எந்தக் குதிரைவண்டிக்காரனும் வரவில்லை. நம்ம மக்கள் மானம் தாங்காமல் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். ஆற்றுப்பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. அவர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. வண்டியோட்டிக்கு அவரைத் தொட மனமில்லை, நமக்கு வண்டியோட்டத் தெரியவில்லை. இந்த ரெண்டுக்கும் நடுவே நம்ம தலைவர் உயிரே போயிருக்கும். மானம் மட்டும் போதாது, தொழில் தெரிய வேண்டும். தெருவுக்கு நாலு பேராவது முறையாக ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுக்கட்டும், அதில் ரெண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். பிரசவ வலிக்கு 108 வரத் தாமதமானால் ராத்திரி எந்த ஆம்பிளை எந்த நிலையில் இருப்பான் என்று பெண்களுக்குத் தெரியும். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான வணிக வண்டியும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்திருக்கிறது. அந்த லைசென்ஸ் சோறும் போடும்.

பணத்துக்கு எங்கே போவது? இந்த மண்ணிலேயே பாடம் இருக்கிறது. பக்கத்துக் கழுகுமலையில் 1895-இல் தேரோடும் வீதியில் ஊர்வலம் போக நாடார்களுக்குத் தடை என்று ரத்தம் சிந்தியது. வீதி மறுக்கப்பட்ட அந்தச் சனம் என்ன செய்தது? வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று மகமை வைத்துப் பொதுப்பணம் சேர்த்தது. மாட்டுவண்டிகள் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டியது. பள்ளிக்கூடம் எழுப்பியது. மகமையை நாமும் படிக்கலாம், தப்பில்லை. வீட்டுக்கு மாசம் ஒரு நாள் டீக்காசு. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் கொஞ்சம் கூட. பதிவு செய்த சங்கத்தின் பேரில் வண்டி. தனியாள் பேரில் வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் சரி. வரவு செலவு நோட்டு சாவடியில் தொங்கட்டும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். தொண்டு நிறுவனம் புது வண்டி தருகிறேன் என்று வந்தால், பக்கவாட்டில் யார் பேர் எழுதுவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம்ம தெரு வாங்கிய வேன் அருந்ததியர் தெருவுக்குப் போகாது என்றால், புதிரை வண்ணார் வீட்டு நோயாளியை ஏற்றாது என்றால், அந்த வண்டியை அன்றைக்கே காயலாங்கடையில் போட்டுவிடலாம். மசூர் ஸ்டேசன் வண்டிக்காரனுக்கும் நமக்கும் அப்புறம் வித்தியாசம் இல்லை. தேவேந்திரர், ஆதிதிராவிடர், அருந்ததியர் என்று மூன்று தெருவும் மகமை போட வேண்டும், மூன்று தெருவிலும் சாவி சுற்ற வேண்டும்.

சிரிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். அடுத்த மாசம் வண்டி பார்க்கப் போகும்போது கூட வாருங்கள். வரும்போது ஒரு சுத்தியலும் ஒரு காந்தமும் எடுத்து வாருங்கள்.